கவுன்சில் வீட்டுக்கு வரும் துணை

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் கல்யாணப் பேச்சு எழுந்தால், சாதகப் பொருத்தம் பார்த்த கையோடு இன்னொரு கேள்வியும் வரும்: "பொடியன் கவுன்சில் வீட்டிலதானே இருக்கிறான், விசா குடுப்பாங்களோ?" கொழும்பிலோ சென்னையிலோ பெண் வீட்டாருக்கும் இதே கவலை. அரசாங்கம் குறைந்த வாடகைக்குக் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு அயல்நாட்டிலிருந்து கணவனையோ மனைவியையோ அழைப்பது 'அரசுப் பணத்தில் வாழ்வது' ஆகிவிடுமோ என்ற அச்சம் இது.

பிரிட்டிஷ் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. வீடு யாருடையது என்று அது கேட்பதில்லை. வீட்டைப் பொறுத்தவரை, வருகிறவரால் அரசின் செலவு கூடுமா, வருகிறவருக்கு வீட்டில் இடம் இருக்கிறதா என்று இரண்டைத்தான் கேட்கிறது. முதல் கேள்வியைக் கண்டு பயப்படுகிற குடும்பங்கள் பல நேரங்களில் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. இந்த இரண்டு கேள்விகளின் வரலாற்றையும் இன்றைய நடைமுறையையும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மண்ணில் பிறந்த இரண்டு சட்டங்கள்

அரசு வீட்டுவசதியும் குடிவரவுக் கட்டுப்பாடும் கிழக்கு லண்டனில் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை. பெத்னல் கிரீன் பகுதியில் 'ஓல்டு நிக்கல்' என்ற நெரிசல் குடியிருப்பை இடித்துவிட்டு, லண்டன் கவுண்டி கவுன்சில் 'பவுண்டரி எஸ்டேட்' என்ற குடியிருப்பைக் கட்டியது. 1900இல் திறக்கப்பட்ட அது, பிரிட்டனின் தொடக்ககாலக் கவுன்சில் குடியிருப்புகளில் ஒன்று. இடிக்கப்பட்ட தெருக்களில் வாழ்ந்தவர்களில் மிகச் சிலருக்கே புதிய கட்டடத்தில் இடம் கிடைத்தது. அரசு கட்டிய வீடு யாருக்கு என்ற சண்டை வீட்டோடு சேர்ந்தே பிறந்தது.

அதே காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அந்தத் தெருக்களில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறித்து எழுந்த எதிர்ப்பின் விளைவு 1905ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம். தன்னையும் தன்னைச் சார்ந்தவர்களையும் தாங்கும் வழி இல்லாதவரை நுழையவிடாமல் தடுக்க அது இடம் கொடுத்தது. நுழைந்தபின் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒருவர் ஏழைகளுக்கான உள்ளூர் நிவாரணம் பெற்றாலோ, நெரிசலால் சுகாதாரம் கெட்ட நிலையில் வாழ்ந்தாலோ, நீதிமன்றச் சான்றின் பேரில் அவரை வெளியேற்றலாம் என்றும் சொன்னது.

நிவாரணம், நெரிசல் என்ற அந்த இரண்டும் இன்று வாழ்க்கைத்துணை விசா விதிகளில் 'பொது நிதியை நாடாமல்' என்றும், 'நெரிசல் இல்லாத போதுமான தங்குமிடம்' என்றும் நிற்கின்றன. 1994 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு விதிகளின் 281ஆம் பத்தியில் இவை இருந்தன. 2012 ஜூலை 9 முதல் துணை விசாவை ஆளும் பின்னிணைப்பு எஃப்எம்மிலும் தொடர்கின்றன. சொற்கள் நவீனமாகிவிட்டன, அவற்றுக்குள் இருக்கும் பயத்துக்கு நூறு வயதுக்கு மேல்.

பொது நிதி என்றால் எது?

'பொது நிதி' என்பது அரசுப் பணம் எல்லாவற்றையும் குறிக்கும் சொல் அல்ல. விதிகளில் அதற்குத் திட்டவட்டமான பட்டியல் இருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், பென்ஷன் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், கவுன்சில் வரிக் குறைப்பு முதலியவை அதில் உண்டு. அரசுப் பள்ளிக் கல்வியும் தேசிய சுகாதார சேவையும் அதில் இல்லை. ஆனால் வீடு இருக்கிறது. 1985ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் இரண்டாம் பகுதியிலும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம், ஏழாம் பகுதிகளிலும் கிடைக்கும் வீட்டைப் பட்டியல் சேர்த்துக்கொள்கிறது. கவுன்சில் தரும் வீடு, காத்திருப்புப் பட்டியல் வழியாக ஒதுக்கப்படும் வீடு, வீடற்றவர்களுக்கான உதவி என மூன்றுமே அதற்குள் வந்துவிடும்.

இதை மட்டும் படிப்பவர் பயப்படுவதில் வியப்பில்லை. பயத்தைத் தீர்க்கும் வரி சற்றுத் தள்ளி, 6ஏ பத்தியில் இருக்கிறது. ஸ்பான்சருக்கு, அதாவது பிரிட்டனிலிருந்து அழைக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ, வழங்கப்படும் பொது நிதியை வருகிறவர் முழுதாகவோ பகுதியாகவோ சார்ந்திருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் அவர் பொது நிதியை நாடியவராகக் கருதப்பட மாட்டார். வருகிறவர் நாட்டில் இருப்பதன் விளைவாக ஸ்பான்சருக்குக் கூடுதலான அல்லது புதிய பொது நிதி உரிமை உண்டாகிறதா என்பதே அளவுகோல்.

பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள ஒருவர் ஐந்து ஆண்டுகளாகக் கவுன்சில் வீட்டில் இருக்கிறார், அதே வீட்டுக்கு மனைவி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சில் புதிதாக எதையும் ஒதுக்கவில்லை. வாடகை அதே வாடகை, சாவி அதே சாவி. கூடுதல் என்று சொல்ல எதுவும் இல்லாததால் தடையும் இல்லை. வீட்டுவசதிச் சங்கம் கொடுத்த வீட்டுக்கும் இதுவே பொருந்தும். விசாவுக்குத் தடையாகிவிடும் என்று பயந்து மலிவான, நிலையான வாடகை உரிமையை விட்டுவிட்டுத் தனியார் வீட்டுக்கு மாறுகிறவர், சட்டம் கேட்காத பலியைக் கொடுக்கிறார். விட்ட கவுன்சில் வீடு அவ்வளவு எளிதில் திரும்பக் கிடைப்பதும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் மானியம், தெரியாத மானியம்

துணையை அழைக்கும் ஸ்பான்சருக்குக் குறைந்தபட்ச வருமான நிபந்தனை ஒன்றும் உண்டு. 2012இல் வந்தபோது அது ஆண்டுக்கு 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்போருக்கு அது 29,000 பவுண்டு ஆனது. இந்த வகை நிபந்தனை கொள்கையளவில் செல்லும் என்று 2017 பிப்ரவரியில் எம்எம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைகளின் நலனையும் பிற வருமான வழிகளையும் விதிகள் நடத்திய விதத்தில் மட்டும் அது குறை கண்டது.

இந்தக் கணக்கில் ஹவுசிங் பெனிஃபிட்டும் யூனிவர்சல் கிரெடிட்டும் வருமானமாகச் சேரா. ஆனால் வாடகை எவ்வளவு என்பதையும் இது கேட்பதில்லை. தனியார் வீட்டுக்கு மாதம் 1,800 பவுண்டு கொடுப்பவரும், கவுன்சில் வீட்டுக்கு 600 பவுண்டு கொடுப்பவரும் ஒரே 29,000 பவுண்டைத்தான் காட்ட வேண்டும். சமூக வாடகை சந்தை வாடகையைவிட வெகுவாகக் குறைவு. அந்த வித்தியாசமும் ஒரு மானியம்தான். ஆனால் அது வங்கிக் கணக்கில் வந்து விழுவதில்லை. ஆகவே இந்த வருமானக் கணக்கின் கண்ணில் படுவதில்லை. வாடகையைக் கட்டத் தரும் உதவித்தொகைக்குப் பெயர் பொது நிதி. வாடகையையே குறைத்துவிட்டால் இந்தக் கணக்கில் அதற்குப் பெயர் இல்லை.

ஸ்பான்சர் மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' என்ற உதவித்தொகை, அல்லது பராமரிப்பாளர் உதவித்தொகை போன்றவற்றைப் பெறுபவராக இருந்தால் 29,000 பவுண்டு நிபந்தனை கிடையாது. அதற்குப் பதிலாகப் 'போதுமான பராமரிப்பு' என்ற பழைய சோதனை. நிகர வருமானத்திலிருந்து வீட்டுச் செலவைக் கழித்தபின் மிஞ்சுவது, அதே அளவுள்ள பிரிட்டிஷ் குடும்பம் வருமான உதவியாகப் பெறக்கூடிய தொகைக்குக் குறையக்கூடாது. 2006இல் கேஏ வழக்கில் குடிவரவுத் தீர்ப்பாயம் உறுதிப்படுத்திய அளவுகோல் இது.

இங்கே கவுன்சில் வீடு விண்ணப்பத்துக்குத் துணையாகவே நிற்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தம்பதியின் கணக்கில் வாரத்துக்கு 330 பவுண்டு வருகிறது. அவர்களுக்கான வருமான உதவி அளவு 140 பவுண்டைச் சற்றுத் தாண்டும். கவுன்சில் வாடகையும் கவுன்சில் வரியும் சேர்ந்து 160 பவுண்டு என்றால் 170 மிஞ்சும், விண்ணப்பம் தேறும். அதே தம்பதி 300 பவுண்டு வாடகைக்குத் தனியார் வீட்டில் இருந்தால், வரியும் போனபின் கையில் எதுவும் மிஞ்சாது. மானிய வீடு விசாவைக் கெடுக்கும் என்ற நம்பிக்கையை இந்தக் கழித்தல் கணக்கு தலைகீழாக்கிவிடுகிறது.

அரை மனிதர்களின் கணக்கு

இனி இரண்டாவது கேள்வி: இடம். குடும்பம் சொந்தமாக வைத்திருக்கும், அல்லது தனக்கென்று மட்டும் பயன்படுத்தும் போதுமான தங்குமிடம் இருக்க வேண்டும் என்கிறது விதி. முழு வீடும் தம்பதியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெற்றோர் வாடகைக்கு எடுத்திருக்கும் கவுன்சில் வீட்டில் தம்பதிக்கென ஓர் அறை இருந்தால் போதும். தமிழ்க் குடும்பங்களில் இதுதான் வழக்கமான ஏற்பாடும். ஆனால் அந்த வீட்டில் வாழும் எல்லாரையும் சேர்த்து எண்ணும்போது நெரிசல் வந்துவிடக்கூடாது.

இங்கிலாந்தில் நெரிசலை அளக்கும் கோல் 1935ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் பிறந்தது. இன்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பகுதியில் வாழ்கிறது. அதில் இரண்டு சோதனைகள். முதலாவது, கணவன் மனைவியாக வாழாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தூங்கும் கட்டாயம் வரக்கூடாது. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இதில் எண்ணுவதில்லை. இரண்டாவது, இடத்தின் அளவு. ஓர் அறைக்கு இருவர், இரண்டு அறைக்கு மூவர், மூன்று அறைக்கு ஐவர், நான்கு அறைக்கு ஏழரைப் பேர், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் அறைக்கு இருவர். ஏழரை என்பது அச்சுப்பிழை அல்ல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை பூஜ்யம். ஒன்று முதல் பத்து வயதுக்குட்பட்ட குழந்தை அரை மனிதர். அதற்கு மேல் முழு மனிதர். வரவேற்பறையும் தூங்கக்கூடிய அறையாகவே எண்ணப்படும்.

தரைப்பரப்பும் பார்க்கப்படும். 110 சதுர அடியும் அதற்கு மேலும் இருந்தால் இருவர், 90க்கு மேல் ஒன்றரை, 70க்கு மேல் ஒருவர், 50க்கு மேல் அரை. ஐம்பதுக்குக் கீழே இருக்கும் அறை கணக்கிலேயே இல்லை. அறை எண்ணிக்கையில் வரும் விடை, பரப்பில் வரும் விடை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அந்த வீட்டின் கொள்ளளவு.

இரண்டு படுக்கையறையும் ஒரு வரவேற்பறையும் உள்ள கவுன்சில் வீடு. அப்பா, அம்மா, விசாவுக்கு ஸ்பான்சராகும் மகன், பதினைந்து வயது மகள். மூன்று அறைக்கு ஐவர் என்பதால் மருமகள் வந்தாலும் கணக்குச் சரியாக இருக்கும். எட்டு வயதில் ஒரு தம்பியும் இருந்தால் ஐந்தரை; வீடு சட்டப்படி நெரிசலாகிவிடும். தம்பி இல்லை, ஆனால் சின்னப் படுக்கையறை 65 சதுர அடிதான் என்றால் மற்ற இரண்டும் பெரியவையாக இருந்தாலும் கொள்ளளவு நாலரை. ஐந்தாவது ஆளாக வரும் மருமகளுக்கு அரை ஆள் இடம் குறைகிறது. கவுன்சில் வீடு என்பதற்காக மறுக்கப்படாத விசா, இந்த அரை ஆள் இடத்துக்காக மறுக்கப்படலாம்.

இரண்டு கோல்களுக்கு நடுவே

குழப்பம் இன்னும் முடியவில்லை. வீடு ஒதுக்கும்போது கவுன்சில்கள் பொதுவாக வேறொரு கோலைப் பயன்படுத்துகின்றன. படுக்கையறைத் தரம் என்று அழைக்கப்படும் அந்தக் கோலின்படி ஒவ்வொரு தம்பதிக்கும் ஓர் அறை, 21 வயது நிறைந்த மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, பத்திலிருந்து இருபது வயது வரையுள்ள ஒரே பாலினத்தவர் இருவருக்கு ஓர் அறை, பத்து வயதுக்குட்பட்ட இருவருக்கு ஓர் அறை. இங்கே வரவேற்பறை எண்ணப்படாது. மேலே பார்த்த ஐவர் குடும்பத்துக்கு இந்தக் கோலின்படி மூன்று படுக்கையறை வேண்டும்; இருப்பதோ இரண்டு. காத்திருப்புப் பட்டியலில் நெரிசலாகும் அதே வீடு, விசா அதிகாரியின் மேசையில் போதுமான வீடாகிறது. இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை, கோல் வேறு.

ஆகவே கவனிக்க வேண்டியது நேரத்தையும் காரணத்தையும். ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கும் வாடகைதாரர், "மனைவி வரப்போகிறார், பெரிய வீடு கொடுங்கள்" என்று கவுன்சிலுக்கு விண்ணப்பித்துவிட்டு, அந்தப் பெரிய வீட்டையே தங்குமிடமாகக் காட்டினால், வருகிறவரால் கூடுதல் பொது நிதி தேவைப்படுகிறது என்பதற்கு அவரே சான்று கொடுத்தவராகிறார். இப்போது இருக்கும் வீட்டையே காட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. ஓர் அறையில் கணவனும் மனைவியும் வாழ்வதைச் சட்டம் நெரிசல் என்று சொல்லவில்லை. ஆனால் சமையலறையையும் குளியலறையையும் மட்டுமின்றித் தூங்கும் அறையையும் பிறரோடு பகிரும் விடுதி, தனக்கென்று மட்டும் உள்ள இடம் ஆகாது.

விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரி ரசீது ஆகியவற்றுடன் வீட்டு உரிமையாளரான கவுன்சிலிடமிருந்தோ சங்கத்திடமிருந்தோ ஒரு கடிதமும் வைப்பது நல்லது. எத்தனை அறை, இப்போது யார் யார் இருக்கிறார்கள், துணை வந்து தங்குவதற்கு ஆட்சேபம் இல்லை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாடகைதாரர் பெற்றோர் என்றால் அவர்களின் கடிதமும் தேவை. மறைத்து வைப்பதைவிட முன்கூட்டியே கவுன்சிலுக்குச் சொல்லிவிடுவதே இரு பக்கமும் பாதுகாப்பு.

கருவூலத்துக்கு யார் கடன்பட்டவர்?

துணை வந்தபின் உண்மையில் அரசின் செலவு கூடுகிறதா? யூனிவர்சல் கிரெடிட் பெறும் ஸ்பான்சரை எடுத்துக்கொள்வோம். 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனையோடு வந்த துணைக்கு அதில் பங்கில்லை. ஸ்பான்சர் தொடர்ந்து தனிநபருக்கான தொகையையே பெறுவார். ஆனால் துணையின் சம்பளமும் சேமிப்பும் கணக்கில் எடுக்கப்படும். துணை வேலைக்குப் போனால், அந்தச் சம்பளத்தில் கணக்கில் சேரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் உதவித்தொகை குறையும். தனியாக வாழ்பவருக்குக் கவுன்சில் வரியில் கிடைத்த 25 சதவீதத் தள்ளுபடியும் போய்விடும். தம்பதிக்கு ஒரே படுக்கையறைதான் கணக்கு என்பதால் வாடகை உதவி அதன் பேரில் உயராது. தனியாக இருந்தபோது உபரி அறைக்காக 14 சதவீதம் பிடிக்கப்பட்டிருந்தால், துணை வந்தபின்னும் அந்த அறை உபரியாகவே எண்ணப்படும், பிடித்தம் தொடரும்.

இப்படிப்பட்ட குடும்பங்களில் துணை வருவதால் கருவூலத்துக்கு மிச்சமே ஏற்படுகிறது. செலவு கூடிவிடுமோ என்று விதி பயப்பட, கணக்கு மறுபக்கம் ஓடுகிறது. ஹவுசிங் பெனிஃபிட்டில் நீடிக்கும் முதியவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே இணையர் என்ற கணக்கில் தொகை உயர்ந்தால், அதுவே 6ஏ பத்தி சொல்லும் 'கூடுதல்' ஆகிவிடக்கூடும்.

விதியின் முழு எடையும் விழுவது வந்து சேர்ந்த துணையின் மேல்தான். இங்கிலாந்தில், குடிவரவு நிபந்தனையால் தகுதியில்லாத ஒருவரைச் சேர்த்துக் கூட்டு வாடகை உரிமையாகக் கவுன்சில் ஒரு வீட்டை ஒதுக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே துணைக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்கும்வரை வீடு ஸ்பான்சர் பெயரிலேயே இருக்கும். திருமணம் நீடிக்கும்வரை அந்த வீட்டில் வாழும் உரிமையை 1996ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் துணைக்குத் தருகிறது. விவாகரத்தில் திருமணம் முடிந்தால் அந்த உரிமையும் பொதுவாகப் போய்விடும். வீடற்றவர் என்று கவுன்சிலிடம் போகவும் விசா நிபந்தனை தடுக்கும். வீட்டு வன்முறையால் பிரிய நேர்ந்தவருக்கு மூன்று மாதம் பொது நிதி பெற இடம் தரும் சலுகை ஒன்று 2012 முதல் இருக்கிறது. மானிய வீட்டின் பாதுகாப்பு வாடகைதாரருக்கு. அவரை நம்பி வந்தவருக்கு அந்தக் கூரை இரவல்.

இந்தக் கணக்கு ஒருமுறையோடு முடிவதும் இல்லை. முதல் விசா 33 மாதம், நீட்டிப்பு 30 மாதம், ஐந்து ஆண்டு முடிவில் நிரந்தர வதிவிடம் என மூன்று முறையும் தங்குமிடம் கேட்கப்படும். அதற்குள் குழந்தை பிறக்கலாம். பிரிட்டிஷ் பெற்றோருக்கு அந்நாட்டில் பிறந்த குழந்தை பிரிட்டிஷ் குடிமகன். அதற்காகக் கிடைக்கும் உதவியை ஸ்பான்சர் பெறுவதில் தவறில்லை. ஆனால் அறைக் கணக்கில் அது முதல் பிறந்தநாளுக்கு முந்தைய நாள்வரை பூஜ்யம், பிறந்தநாளன்று அரை ஆள். நாலரைப் பேர் கொள்ளும் வீட்டில் நாலு பெரியவர்களோடு அந்த அரை ஆளும் அடங்கிவிடும். இரண்டாவது குழந்தையின் முதல் பிறந்தநாளன்று கணக்கு ஐந்தாகும். அன்று அதே வீடு சட்டப்படி நெரிசல். அடுத்த விண்ணப்பத்துக்கு முன் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது கவுன்சில் வீடு ஆகுமா என்பதை அல்ல. சின்ன அறை எத்தனை சதுர அடி என்று வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது.